ஆத்தும சோதனைக்கு இருபது மார்க்

"மிஸ், சோதனைக்குக் கால்குலேட்டர் கொண்டு வரலாமா?"

கேட்டவன் என்னைக் கிண்டல் செய்யவில்லை. முகத்தில் நிஜமான கவலை தெரிந்தது. கால அட்டவணையில் 'ஆத்தும சோதனை – 15 நிமிடம்' என்று போட்டிருந்தது. சோதனை என்றால் பரீட்சை. பரீட்சை என்றால் பேனா, பென்சில், ரப்பர், முடிந்தால் கால்குலேட்டர். நூற்றுப் பதினெட்டுப் பேரும் அப்படித்தான் நினைத்து வந்திருந்தார்கள். முன்வரிசையில் ஒருத்தி உதடு அசைய எதையோ உருப்போட்டுக்கொண்டிருந்தாள். ஆத்துமாவைப் பற்றி என்னத்தை உருப்போட்டாளோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

நான் வேதியியல் ஆசிரியை. 'நமது கல்வி மரபு' என்ற பாடம் என் தலையில் வந்து விழுந்து நாலு வருஷமாகிறது. இந்தக் கல்லூரியைத் தொடங்கிய கத்தோலிக்கத் துறவற சபையில் ஒரு காலத்தில் இங்கேயே முப்பது சாமியார்கள் இருந்தார்கள். இப்போது மூன்று பேர். ஒருவர் படுத்த படுக்கை, ஒருவருக்குக் காது கேட்காது, மூன்றாமவர் முதல்வர். புது மாணவர்களுக்குச் சபையின் மரபை அறிமுகம் செய்துவைக்க ஆள் வேண்டும் என்று தேடினார்கள். ஞானஸ்நானம் வாங்கிய ஒரே குற்றத்துக்காக அந்த எட்டு மணி நேர வகுப்பு எனக்கு வந்தது. குனியக் குனியக் குட்டுவார்கள் என்பார்கள். எனக்குக் குனிந்தே பழகிவிட்டது.

முதல் வகுப்பில், 'ஒவ்வொரு மாணவரையும் பெயர் சொல்லி அறிந்து, அவருடைய முழு வாழ்வின் மேலும் அக்கறை வைப்பதே நம் மரபின் உயிர்' என்று மைக்கில் சொன்னேன். மைக் இல்லாவிட்டால் கடைசி வரிசைக்குக் கேட்காது. அந்தக் கூட்டத்தில் எனக்கு ஒரு பெயர்கூடத் தெரியாது. பதிவு எண்தான் தெரியும்.

ஐந்தாவது வகுப்புதான் ஆத்தும சோதனை. விஷயம் சுலபமானது. நாள் முடியும்போது கால்மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். காலையிலிருந்து என்ன நடந்தது, எதில் மனம் நிறைந்தது, எங்கே வழுக்கியது என்று பின்னோக்கிப் பார்க்க வேண்டும். எந்த மதமானாலும் சரி, மதமே இல்லாவிட்டாலும் சரி. கேட்பவரும் சொல்பவரும் ஒரே ஆள். காகிதம் கிடையாது, மார்க் கிடையாது. வேறொருவர் எட்டிப் பார்க்கவே கூடாது. போன மூன்று வருஷமும் அப்படித்தான் செய்தேன். விளக்கைக் குறைத்துவிட்டு உட்காரச் சொல்வேன். பாதிப்பேர் தூங்குவார்கள். நானும் ஒருதடவை தூங்கியிருக்கிறேன்.

இந்த வருஷம் வினை, மதிப்பீட்டுக் குழு என்ற பெயரில் வந்தது. திங்கட்கிழமை ஐந்து பேர் வந்து கல்லூரியை அலசப் போகிறார்கள். முதல்வருக்கு நாங்கள் வைத்த பெயர் கோப்புச் சாமியார். சொர்க்கத்துக்கே போனாலும் வாசலில் வருகைப் பதிவேடு இருக்கிறதா என்று பார்ப்பார்.

"ஆதாரம் வேணும் மேடம்" என்றார். "கண்ணை மூடி உட்கார்ந்தாங்கன்னு ஃபோட்டோவா காட்ட முடியும்? தூங்கறாங்கம்பாங்க. எழுதி வாங்கிடுங்க. கம்ப்யூட்டர்லயும் இருபது மார்க்குக்கு ஒரு கட்டம் இருக்கு. அதை நிரப்பாம பாடத்தை மூட முடியாது."

அன்றைக்கு எனக்கு நாலு வகுப்பு, ஒரு ஆய்வுக்கூடம், முழங்கால் வலி. சரி என்று சொல்லிவிட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த தப்புகளில் முக்கால்வாசி, அலுப்பில் 'சரி' என்று சொன்னவைதான்.

செவ்வாய்க்கிழமை தாளைக் கொடுத்தேன். "யாரும் இதை வாசிக்க மாட்டாங்க, மனசுல பட்டதை எழுதுங்க" என்றேன். அதே மூச்சில், "மேல பதிவு எண் போட மறந்துடாதீங்க" என்றும் சொன்னேன். இந்த இரண்டு வாக்கியமும் ஒன்றாக நிற்காது என்பது எனக்கு உறைக்கவில்லை. அவர்களுக்கும் உறைக்கவில்லை, ஒருத்தியைத் தவிர. மூன்றாம் வரிசையிலிருந்து கை தூக்கினாள். "நிஜமாவே வாசிக்க மாட்டீங்களா மிஸ்?"

"மாட்டேன்மா. எழுது."

புதன்கிழமை மதியம் ஆசிரியர் அறையில் தாள்கட்டைப் பிரித்தேன். எல்லோருக்கும் பதினாறு போடுவதாகத்தான் திட்டம். எண்ணைப் பார், பதினாறு போடு, அடுத்த தாள். பத்தாவது தாளில் கண் சும்மா இருக்கவில்லை.

ஒருவன் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று தலைப்புப் போட்டு எழுதியிருந்தான். 'இவ்வாறாக எனது ஆத்துமா சிறந்து விளங்குகிறது' என்று முடித்திருந்தான். இன்னொருத்தி, 'இன்று நான் தவறு எதுவும் செய்யவில்லை, நாளையும் செய்ய மாட்டேன்' என்று உறுதிமொழி கொடுத்திருந்தாள். அடுத்தடுத்து மூன்று பேர், 'காலையில் தங்கையை அடித்தேன், மனம் வருந்துகிறேன்' என்று எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தார்கள். பாவத்தைக்கூடப் பக்கத்துத் தாளைப் பார்த்துக் காப்பியடித்த பிள்ளைகள்! தனியாகச் சிரித்தேன். சிரித்துக்கொண்டேதான் எழுபத்து மூன்றாம் எண் தாளை எடுத்தேன்.

'நான் ஒரு தவறு செய்கிறேன். மாதம் ஒரு தடவை செய்கிறேன். முதல் வெள்ளிக்கிழமை பூசையில் எங்கள் அப்பா பெயரை வாசிப்பார்கள். நான் எழுந்து நிற்பேன். எங்கள் அப்பா சாகவில்லை. எனக்கு ஒன்பது வயதில் வேறு வீட்டுக்குப் போய்விட்டார். சேர்க்கைக்கு வந்த அன்று ஆபீஸில் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். அந்த ஆளைத் தலைமுழுகி ஒன்பது வருஷமாச்சு என்று அம்மா சொன்னாள். எழுதிக்கொண்டிருந்தவர் ஐயோ பாவம் என்று சொல்லி, காலமானார் என்று எழுதினார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இடமும் விடுதியும் கிடைத்தது. போன வாரம் பஸ் நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். ஒரு சின்னப் பாப்பாவுக்கு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்தார். தொப்பை போட்டிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. இந்த வெள்ளிக்கிழமை மறுபடியும் வாசிப்பார்கள். ஏழாவது தடவை. ஒவ்வொரு தடவையும் நானே அவரைக் கொல்கிற மாதிரி இருக்கிறது. இதற்கு மார்க் போட வேண்டாம்.'

சபையைத் தொடங்கியவர் தகப்பனில்லாப் பிள்ளைகளுக்கென்று வருஷத்துக்குப் பத்து இடம் ஒதுக்கி வைத்தார். அவர்களிடம் சாவுக்குச் சான்றிதழ் கேட்கக்கூடாது என்பது அவர் போட்ட விதி. பதிலுக்குக் கல்லூரி செய்வது ஒன்றுதான். மாதத்தின் முதல் வெள்ளி பூசையில் முதலாண்டுப் பிள்ளைகள் பத்துப் பேரின் தகப்பன்மார் பெயரையும் வாசித்து, அவர்களுடைய ஆத்தும இளைப்பாற்றிக்காக மன்றாடும். பெயர் வரும்போது அந்தப் பிள்ளை எழுந்து நிற்க வேண்டும். பட்டியலை வாசிப்பவர் மரபுப் பாட ஆசிரியை. அதாவது நான். ஆறு மாதமாக உயிரோடு இருக்கிற ஒரு மனிதனை மைக்கில் சாகடித்தது நான்தான். நின்ற பிள்ளைகளை ஒருநாளாவது நிமிர்ந்து பார்த்திருந்தால் அந்த முகம் எனக்குத் தெரிந்திருக்கும். நான் பட்டியலைத்தான் பார்ப்பேன், எப்போது முடியும் என்று.

அந்தத் தாள் கோப்பில் போனால் அவள் கதை முடிந்தது. பொய்த் தகவல் கொடுத்துச் சேர்ந்தவர் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கதவைப் பார்த்துக்கொண்டே தாளைக் கவிழ்த்து வைத்தேன். வாசிக்க மாட்டேன் என்று சொல்லி வாசித்தவள் நான்.

என் வீட்டுக்காரர் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். சாயங்காலம் தேநீர் குடிக்கும்போது, பெயர் ஊர் ஒன்றும் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னேன். பிஸ்கட்டைத் தேநீரில் முக்கியபடியே கேட்டார்.

"இருபத்தெட்டு வருஷமா எல்லாரும் என்கிட்ட கேக்கறது ஒரே கேள்விதான். 'என்ன தெரியுது?' டாக்டர் சொல்லுவார்னுடுவேன்."

"உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறம் எப்படித் தூங்கறீங்க?"

"குறட்டை விட்டுத்தான். நீதான் தினம் திட்டறியே."

"விளையாடாதீங்க. படம் எடுக்கறது உங்க வேலை. இது நான் திருட்டுத்தனமா எடுத்த படம்."

அவர் நனைத்த பிஸ்கட் உடைந்து உள்ளே விழுந்துவிட்டது. கரண்டியால் தேடிக்கொண்டே சொன்னார். "அப்ப படத்தை அந்தப் புள்ளைகிட்டயே குடுத்துடு. பாத்தியான்னு கேட்டா இல்லைன்னுடு. அதுக்கும் நிம்மதி, உனக்கும் நிம்மதி."

வியாழன் காலையில் முதல்வர் அறைக்குப் போனேன். கட்டு இல்லாமல் சமாளிக்க முடியுமா என்று கேட்டேன்.

"முடியாது மேடம். அஞ்சு பதிவு எண்ணை அவங்களே சொல்லுவாங்க. அந்தத் தாளை நாம எடுத்துக் காட்டணும். நாலு மணிக்குள்ள மேசைக்கு வந்துடணும்."

நூற்றுப் பதினெட்டில் ஐந்து. வேதியியல்காரிக்குக் கணக்குத் தானாக வரும். நூற்றுக்கு நாலு. அவ்வளவுதானே, பேசாமல் கொடுத்துவிடு என்று என் அலுப்பு சொன்னது. அந்த ஒரு தாளை மட்டும் உருவிவிடலாம் என்றும் தோன்றியது. எழுபத்திரண்டுக்குப் பிறகு எழுபத்து நான்கு வந்தால் கோப்புச் சாமியார் கண்ணுக்குத் தப்புமா? உருவியதே அவளைக் காட்டிக்கொடுத்துவிடும். கொடுத்தால் மொத்தமாகக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மொத்தமாக இல்லை.

மத்தியானம் இரண்டு மணிக்குக் கட்டோடு வகுப்புக்குப் போனேன். மைக்கை எடுக்கவில்லை.

"செவ்வாய்க்கிழமை நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். இது யாரும் கேட்டு வாங்கக் கூடாதது. நான் வாங்கிட்டேன். அவங்கவங்க தாளை அவங்கவங்க எடுத்துக்கங்க."

"அப்ப மார்க்கு, மிஸ்?" என்று ஏழெட்டுக் குரல்.

"எல்லாருக்கும் பதினாறு."

"நான் மூணு பக்கம் எழுதினேன் மிஸ்!" என்று முன்னுரை, பொருளுரைக்காரன் எழுந்தான். அவனுக்கும் பதினாறுதான் என்றேன். அநியாயம் என்று முணுமுணுத்தபடி உட்கார்ந்தான்.

வகுப்பு காலியான பிறகும், செவ்வாய்க்கிழமை கை தூக்கியவள் மட்டும் மூன்றாம் வரிசையிலேயே இருந்தாள். மெலிந்த பெண். தாளை எட்டாக மடித்துக் கைக்குள் வைத்திருந்தாள். அருகில் வந்து, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"வாசிச்சீங்களா மிஸ்?"

'இல்லை' நாக்கு நுனியில் தயாராக இருந்தது. வீட்டுக்காரர் சொன்னதுபோல் அதில் இரண்டு பேருக்கும் நிம்மதி. ஆனால் அவள் மாதாமாதம் எதற்காக எழுந்து நிற்கிறாள்? யாரோ ஒருவர் சுலபமான ஒரு பொய்யைத் திருத்தாமல் சுலபமாக விட்டுவிட்டதால்தானே?

"வாசிச்சேன்" என்றேன். "வாசிக்க மாட்டேன்னு சொல்லிட்டு வாசிச்சேன். என்னை மன்னிச்சுடும்மா."

கோபப்படுவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் மூச்சை நீளமாக விட்டாள்.

"அப்பாடா" என்றாள்.

நான் முன்பெஞ்சில் உட்கார்ந்தேன், அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். மடித்த தாளைப் பைக்குள் வைத்தாள். பிறகு அவளே, "நாளைக்கு அந்தப் பேரை வாசிக்காதீங்க மிஸ்" என்றாள்.

"ஃபாதர் கேப்பாரே."

"கேட்டா நான் சொல்லிக்கறேன்."

"சீட்டு போயிடும்டி."

வாய் தவறி 'டி' வந்துவிட்டது. அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"போகும்னு தெரியும். அம்மா என்னைக் கொன்னே போட்டுடுவாங்க. ஆனா என்னால இன்னொரு தடவை நிக்க முடியாது மிஸ். நேத்து கனவுல அவர் நிஜமாவே செத்துட்டார். நான் அழறேன், ஆனா எல்லாரும் இது பழைய சாவாச்சேங்கறாங்க."

நாலு மணிக்குக் கையை வீசிக்கொண்டு முதல்வர் அறைக்குப் போனேன். தாளையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றதும் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"எல்லாத்தையுமா? ஏன், யாராவது ஏதாவது எழுதியிருந்தாங்களா?"

"எல்லாருமே எழுதியிருந்தாங்க ஃபாதர். அதனாலதான்."

"திங்கட்கிழமை நான் எதைக் காட்டறது?"

"நம்ம மரபுல இதைக் காட்டக் கூடாதுன்னு சொல்லுங்க. அதுவும் மரபுதானே."

"அதுக்குக் கட்டம் இல்லையே மேடம்" என்றார். கோபம்கூட இல்லை. அவரும் களைத்துப்போயிருந்தார். "அடுத்த வருஷம் இதை வீடியோவாப் போட்டுடலாம். உங்களுக்கும் பாரம் குறையும்." நாலு வருஷமாக நான் வேண்டிக்கொண்டிருந்தது அதுதான். கிடைத்தபோது சந்தோஷம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலைப் பூசையில் பத்துப் பேரும் வழக்கம்போல முதல் பெஞ்சில் இருந்தார்கள். அவள் நாலாவது. நான் மைக்கின் முன்னால் நின்று முதல் தடவையாகப் பெயரையும் முகத்தையும் சேர்த்துப் பார்த்து வாசித்தேன். ஒரு பெயர், ஒரு பையன் எழுந்தான். இரண்டாவது பெயருக்கு ஒரு பெண். மூன்றாவதுக்கு ஒரு பையன், கண்ணைத் துடைத்துக்கொண்டான். நாலாவது பெயரைத் தாண்டி ஐந்தாவதுக்குப் போனேன். பட்டியல் முடிந்தபோது ஒன்பது பேர் நின்றார்கள். நடுவில் அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள், முதுகை நேராக வைத்துக்கொண்டு.

பீடத்திலிருந்து முதல்வர் பார்த்தார். எண்ணுகிறவர் அல்லவா, எண்ணிவிட்டார். அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவள் எழுந்துவிடுவாள் என்பதுபோல் கொஞ்சம் பொறுத்தார். அவள் எழவில்லை. செபத்தைத் தொடர்ந்தார்.

பூசை முடிந்ததும் இருவரையும் அறைக்கு வரச் சொன்னார். மேசையில் அவளுடைய சேர்க்கைப் படிவம் விரித்து வைக்கப்பட்டிருந்தது. 'தந்தை' என்ற கட்டத்தில், எழுத்தர் எழுதிய 'காலமானார்' அழகான கையெழுத்தில் இருந்தது.

"அப்பா உயிரோட இருக்காரா?" அவளைப் பார்த்தே கேட்டார்.

"இருக்கார் ஃபாதர்." அம்மா சொன்னதையும் எழுத்தர் எழுதியதையும் அவளே சொன்னாள். பழி முழுவதையும் தன் மேல் போட்டுக்கொண்டாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"தலைமுழுகினதுக்குப் போய் அந்த கிளார்க் கருமாதியே பண்ணிட்டானா" என்று முதல்வர் நெற்றியைத் தேய்த்தார். சிரிப்பா சலிப்பா என்று தெரியவில்லை. "அவர் வீட்டுக்கு வர்றாரா?"

"இல்ல ஃபாதர்."

"ஏதாவது அனுப்புவாரா?"

"இல்ல."

"நீ படிக்கறது தெரியுமா அவருக்கு?"

"இல்ல."

"ஒரு ஃபோனாவது?"

அதற்கு அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அவர் படிவத்தைத் தன் பக்கம் திருப்பினார். அடிக்கோல் வைத்து 'காலமானார்' மேல் ஒரு கோடு போட்டார். பக்கத்தில் 'இல்லை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார். இத்தனை வருஷம் நாங்கள் கேலி செய்த அந்தக் கோப்புப் புத்தி இப்படியும் வேலை செய்யும் என்று நான் நினைத்ததே இல்லை.

"பத்து இடம் தகப்பனில்லாப் பிள்ளைகளுக்குன்னுதான் எழுதியிருக்கு. செத்திருக்கணும்னு எங்கயும் எழுதலை" என்றார். "பொய்யை உள்ள வச்சா ஃபைல் நாறும். இப்ப சரியா இருக்கு. உன் இடம் உன் இடம்தான். கிளாஸுக்குப் போம்மா. மேடம், நீங்க அந்த வீடியோவுக்கு ஒரு குறிப்பு எழுதிக் குடுத்துடுங்க."

வெளியே வந்தோம். மாடிப்படி வரை அவள் தலை குனிந்தபடி நடந்தாள். எனக்கோ பெரிய பாரம் இறங்கியதுபோல் இருந்தது.

"அப்புறம் என்ன? இடம் போகலை, இனிமே எழுந்து நிக்கவும் வேண்டாம்" என்றேன். "அம்மாவுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லு."

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"மிஸ், காலமானார்னு எழுதியிருந்தப்ப எனக்கு ஒரு தடவைகூட அழுகை வந்ததில்ல. இப்ப 'இல்லை'ன்னு எழுதினதும்..." என்றாள். அதற்கு மேல் சொல்ல முடியாமல், முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு அழுதாள்.

முதல் பாடவேளைக்கு மணி அடித்தது. நானும் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.